கணக்கில் விட்டுப்போன கிழங்கு

எண்ணி அறிந்தவர்கள் – 9

1971 ஜனவரியில் பம்பாயிலிருந்து வெளிவரும் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’ அடுத்தடுத்த இதழ்களில் ஒரு நீண்ட ஆய்வை அச்சிட்டது. எழுதியவர்கள், சென்ற இதழில் நாம் புனேயில் சந்தித்த பொருளாதார அறிஞர்கள் வி.எம். தண்டேகரும் நீலகண்ட ரத்தும். ‘இந்தியாவில் வறுமை’ என்பது தலைப்பு. ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு 2,250 கலோரி உணவு வேண்டும். அந்த உணவை உண்ணும் குடும்பங்கள் மாதம் எவ்வளவு செலவழிக்கின்றன என்று பார்த்து, அந்தச் செலவை எட்டாதவர்களை ஏழைகள் எனக் கொள்ளலாம் என்பது அவர்களுடைய வழி. 1960-61 விலைவாசியில் கிராமத்து ஆளுக்கு மாதம் 15 ரூபாய், நகரத்து ஆளுக்கு 22 ரூபாய் 50 காசு என்று கோடு விழுந்தது. நாட்டின் கிராம மக்களில் நூற்றுக்கு 40 பேரும் நகர மக்களில் நூற்றுக்கு 50 பேரும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள்.

மாநிலவாரியாகப் பிரித்தபோதுதான் விபரீதம் தெரிந்தது. கேரளக் கிராமங்களில் பத்தில் ஒன்பது பேர் போதிய உணவு இல்லாதவர்கள் என்றது கணக்கு. பீகாரையும் ஒரிசாவையும் தாண்டி, நாட்டிலேயே மிக அதிகமாகப் பட்டினி கிடக்கும் மாநிலம் கேரளம் என்று ஆகிவிட்டது.

இன்னொரு பக்கம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் பிறப்பு இறப்புப் பதிவுகளும் வேறு கதை சொல்லின. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் முதல் பிறந்தநாளைக் காணாமல் இறப்பவை இந்தியா முழுவதும் சராசரியாக 130-ஐ ஒட்டி இருந்தன. கேரளத்தில் அந்த எண் 60-ஐ ஒட்டித்தான் இருந்தது. 1971-இல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் நூற்றுக்கு 34 பேர். கேரளத்தில் 60 பேர். தலைக்கு வரும் வருமானமோ தேசிய சராசரிக்கும் கீழே. பத்தில் ஒன்பது பேர் அரைவயிற்றோடு படுக்கும் ஊரில் குழந்தைகள் இப்படிப் பிழைக்க முடியுமா? இரண்டில் ஒரு கணக்கு தவறாக இருக்க வேண்டும். அல்லது இரண்டுக்கும் நடுவே எவரும் கவனிக்காத ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

அதைத் தேடிப் போனவர்கள் திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்னும் பகுதியில், மரங்கள் அடர்ந்த ஒரு குன்றில் புதிதாகக் கூடியிருந்த ஒரு சிறிய குழுவினர்.

அந்தக் குழுவின் வளர்ச்சி ஆய்வு மையம் 1970-இல் தொடங்கியது. பெயர் சொன்னாலே தெரியும்படியான பெரும் பணக்காரரோ அயல்நாட்டு அறக்கட்டளையோ அதைத் தோற்றுவிக்கவில்லை. ஒரு மாநில முதலமைச்சர் ஒரு பொருளாதார அறிஞரை அழைத்தார், அவர் வந்தார். அழைத்தவர் சி. அச்சுத மேனன், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். 1977 வரை நீடித்த தம் ஆட்சிக் காலத்தில் ஆய்வு நிறுவனங்களுக்கு அவர் போட்ட அடித்தளம் அளவுக்கு வேறெந்த மாநிலத்திலும் ஒரே முதலமைச்சர் போட்டிருப்பாரா என்பது சந்தேகம். ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம், பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம், கெல்ட்ரான் மின்னணு நிறுவனம் எல்லாம் அவர் காலத்து நடவுகளே. கூட்டணி ஆட்சியின் இழுபறிக்கு நடுவே, அடுத்த தேர்தலில் ஒரு வாக்கும் பெற்றுத் தராத வேலைக்குப் பணமும் நிலமும் ஒதுக்கிய அந்தத் துணிவுக்கு இன்றும் தலைவணங்கத்தான் வேண்டும்.

வந்தவர் கே.என். ராஜ். சென்னைக் கிறித்தவக் கல்லூரி மாணவர். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் முனைவர் பட்டம் பெற்றவர். 26 வயதில் திட்டக் குழுவில் சேர்ந்து முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் தொடக்க அத்தியாயத்தை எழுதியவர். அதன்பின் ஏறக்குறைய 18 ஆண்டுகள் டெல்லி பொருளாதாரப் பள்ளியில் பேராசிரியர். 1969-70-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். பிரதமர்கள் ஆலோசனை கேட்கும் இடத்தில் இருந்தவர், தலைநகரை விட்டு நாட்டின் தென்கோடிக்கு வந்து ஒரு புதிய நிறுவனத்தைக் கட்டி எழுப்பத் துணிந்தார். டெல்லியிலிருந்து பார்த்தால் இந்தியா ஒரே சராசரி எண்ணாகத் தெரியும். ஒரு மாநிலத்துக்குள் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த எண்ணுக்குள் இருக்கும் ஊர்கள் தெரியும்.

அவரோடு சேர்ந்தவர்களும் சாதாரணப்பட்டவர்கள் அல்லர். பொது நிதியில் தேர்ந்த ஐ.எஸ். குலாத்தி பரோடாவிலிருந்து வந்தார். உணவும் உடல்நலமும் பி.ஜி.கே. பணிக்கரின் துறை. மக்கள்தொகையை டி.என். கிருஷ்ணன் எடுத்துக்கொண்டார். வேளாண்மையிலும் புள்ளிவிவரங்களிலும் ஊறிய ஏ. வைத்தியநாதன் திட்டக் குழுவில் பழகியவர்.

கட்டடம் எழுப்ப லாரி பேக்கர் கிடைத்தார். பர்மிங்காமில் பிறந்து, போர்க்காலத்தில் சீனாவில் மருத்துவப் பணி செய்துவிட்டுத் திரும்பும் வழியில் பம்பாயில் காந்தியைச் சந்தித்து, பின்னர் இந்தியாவுக்கே வந்து தங்கிவிட்டவர். கட்டடத்துக்கு வேண்டிய பொருள் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் சொல்லை அவர் தொழில் விதியாகவே எடுத்துக்கொண்டிருந்தார். பத்து ஏக்கர் அளவிலான அந்தக் குன்றில் மரங்களை வெட்டாமல், அவற்றைச் சுற்றி வளைந்து போகும்படி சுவர்களை எழுப்பினார். செங்கலுக்குப் பூச்சு கிடையாது. காற்று வர கண்ணாடிச் சன்னலுக்குப் பதில் செங்கலையே இடைவெளி விட்டு அடுக்கிய சாளரங்கள். கூரையில் கான்கிரீட்டை மிச்சப்படுத்தப் பழைய ஓடுகளை இடையே பதித்தார். நடுவில் நூலகக் கோபுரம் உயர்ந்தது. வளர்ச்சி பற்றி ஆராயும் இடமே ஏழை நாட்டின் பணத்தை வீணாக்காமல் எழுந்தது என்பதில் ராஜுக்கும் அச்சுத மேனனுக்கும் இருந்த பிடிப்பு, பின்னாளில் குறைந்த செலவு வீடுகளுக்காக 1985-இல் அவர்கள் பேக்கரோடு சேர்ந்து காஸ்ட்ஃபோர்டு அமைப்பைத் தொடங்கியதிலும் தெரிந்தது.

இனி அந்தப் பத்தில் ஒன்பது பேருக்கு வருவோம்.

ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டமிடல் குழு, வறுமையும் வேலையின்மையும் உள்ள ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு கொள்கைகள் என்ன செய்ய முடியும் என்று ஆராய்ந்து தரும்படி மையத்தைக் கேட்டுக்கொண்டது. மையம் கேரளத்தையே எடுத்துக்கொண்டது. வேலையின் முதல் படியே உணவுக் கணக்கைப் பிரித்துப் பார்ப்பதுதான்.

தண்டேகரும் ரத்தும் நம்பியிருந்தது தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை. கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்து, கடந்த 30 நாட்களில் என்னென்ன உண்டீர்கள், எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்பார். அரிசி கடையிலோ நியாய விலைக் கடையிலோ வாங்குவது, அளவு நினைவிருக்கும். பஞ்சாபில் கோதுமைக்கும் இது பொருந்தும். கேரளத்து ஏழை வீட்டு உணவில் கணிசமான பங்கோ கடைக்கே போகாதது. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரவள்ளியைத் தேவைப்பட்டபோது ஒரு மூடு பிடுங்குவார்கள். தென்னையிலிருந்து தேங்காய், பலா காய்க்கும் காலத்தில் சக்கை, கடற்கரை ஓரத்தில் மத்தி மீன். இவற்றை யார் தராசில் நிறுத்தார்கள்? முப்பது நாள் கழித்து எத்தனை கிலோ என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த விளவங்கோடும் கல்குளமும் இன்றும் மரச்சீனியும் மீன்கறியும் உண்டு வளரும் ஊர்கள்தான். சேலத்துக்காரர்கள் குச்சிக்கிழங்கு என்று சொல்லிச் சவ்வரிசிக்கு அரைப்பதும் இதே கிழங்கையே. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தப் பயிரை 1880-களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் பரப்பினார். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசிக் கப்பல்கள் நின்றபோது, திருவிதாங்கூர் ஏழைகளைத் தாங்கியது இந்தக் கிழங்கே. 1970-களின் நடுப்பகுதியில் கேரளத்தில் 3 லட்சம் ஹெக்டேருக்கு மேல் மரவள்ளி பயிரானது. ஆண்டு விளைச்சல் 50 லட்சம் டன்னைத் தாண்டியது. தோல் நீக்கிய ஒரு கிலோ கிழங்கு 1,500 கலோரிக்குக் குறையாமல் தரும். விலையோ அரிசியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

ஆய்வாளர்கள் கணக்கை எதிர்த் திசையில் போட்டார்கள். வீட்டில் என்ன உண்டீர்கள் என்று கேட்பதற்குப் பதில், மண்ணில் என்ன விளைந்தது என்று தொடங்கினார்கள். பயிரிட்ட பரப்பு, ஏக்கருக்கு விளைச்சல், அதிலிருந்து ஸ்டார்ச் ஆலைகளுக்குப் போனது, மாநிலத்தை விட்டு வெளியே போனது, கழிவாய்ப் போனது எல்லாவற்றையும் கழித்தார்கள். மரவள்ளியைக் குச்சி நட்டு வளர்ப்பதால் விதைக்கென்று கிழங்கை ஒதுக்க வேண்டியதும் இல்லை. தேங்காய், மீன், வெளியிலிருந்து வந்த அரிசி ஆகியவற்றையும் சேர்த்து மக்கள்தொகையால் வகுத்தார்கள். வந்த விடை மாதிரிக் கணக்கெடுப்பு காட்டியதைவிடக் கணிசமாக உயர்ந்திருந்தது. உணவின் விலையையும் சத்தையும் பற்றி பணிக்கர் 1972-இலேயே எழுதத் தொடங்கியிருந்தார். நாட்டுக்கெல்லாம் ஒரே அளவுகோலைக் கொண்டுபோனால், தானியம் உண்ணாத ஏழை இரட்டிப்பு ஏழையாகத் தெரிவார் என்பது இப்போது எண்களாலேயே நிலைநாட்டப்பட்டது.

ஒரு கொள்கை ஆய்வு நிறுவனத்தின் முதல் கடமை அரசுக்கு யோசனை சொல்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த யோசனைக்கு ஆதாரமாக நிற்கும் எண் எங்கிருந்து வந்தது, அதைக் கேட்டவர் என்ன கேட்டார், பதில் சொன்னவர் எதை மறந்தார் என்று அடியோடு தோண்டிப் பார்ப்பது அதற்கும் முந்திய கடமை. பசித்தவர் பத்தில் ஒன்பது பேர் என்று நம்பி ஓர் அரசு திட்டம் போட்டால், யாருக்கு உண்மையிலேயே பசி என்பதே அதற்குத் தெரியாமல் போகும். உள்ளூர்க் குன்றில் அன்று நடந்த வேலையின் பெருமை இங்கேதான் இருக்கிறது.

அதே சமயம் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள் என்று அவர்கள் எழுதிவிடவில்லை. சராசரி உயர்ந்தது, பங்கீடு வேறு கேள்வி. மரவள்ளியில் மாவுச்சத்து உண்டு, புரதம் மிகக் குறைவு. மீன் சேராத நாட்களில் வயிறு நிறைந்தும் உடல் தேறாது.

மையத்தின் அறிக்கையை ‘வறுமை, வேலையின்மை, வளர்ச்சிக் கொள்கை’ என்ற பெயரில் ஐ.நா. 1975-இல் வெளியிட்டது. உணவுக் கணக்கு அதில் ஒரு பகுதிதான். குறைந்த வருமானத்தில் சாவு விகிதம் குறைந்தது எப்படி என்பது பெரிய கேள்வி. ஆய்வாளர்கள் அதற்கு ஒற்றை விடை தேடவில்லை. 1964-இன் அரிசிப் பஞ்சத்துக்குப் பின் கேரளத்தில் கிட்டத்தட்ட எல்லாக் குடும்பங்களையும் எட்டும் ரேஷன் முறை வந்திருந்தது. தன் தேவையில் பாதி அரிசியைக்கூட விளைவிக்காத மாநிலம், பெரிய விவசாயிகளிடமிருந்து லெவி நெல்லும் மத்தியத் தொகுப்பிலிருந்து அரிசியும் பெற்று அதைப் பரவலாகப் பகிர்ந்தது. ஏழை வீட்டின் உணவில் அந்த ரேஷன் அரிசிக்குக் கணிசமான பங்கு இருந்தது.

நிலம் அடுத்தது. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் குத்தகை முறையை ஒழித்தது. உச்சவரம்பால் கைக்கு வந்த உபரி நிலம் சொற்பமே. ஆனால் பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர்களுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை மனை கிடைத்தது. பத்து சென்ட் நிலத்தில் என்ன விளையும் என்று தஞ்சாவூர்க்காரர் கேட்கலாம். நாலு தென்னை, ஒரு பலா, இரண்டு வாழை, ஓரத்தில் மரவள்ளி, ஒரு ஆடு. முதலாளி நினைத்தால் குடிசையைப் பிய்த்தெறியலாம் என்ற அச்சம் போனது. கூலி கேட்டு வாயைத் திறக்க முடிந்தது. ஆய்வின் நிலச் சீர்திருத்த அத்தியாயத்தை உணவு அத்தியாயத்தோடு சேர்த்து வாசித்தால்தான் இரண்டும் முழுதாகப் புரியும்.

பிறப்பு விகிதம் பற்றி டி.என். கிருஷ்ணன் செய்த வேலை டெல்லியில் பலருக்கு உறுத்தியது. 1971-இல் எர்ணாகுளத்தில் ஒரே மாத முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடை அறுவை நடந்தது. நாடே அதை முன்மாதிரியாகப் பேசிக்கொண்டிருந்தது. கேரளத்தில் பிறப்பு விகிதமோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1960-களின் நடுவிலேயே சரியத் தொடங்கியிருந்தது. பெண்கள் பள்ளிக்குப் போனார்கள், தாமதமாக மணமுடித்தார்கள், பெற்ற பிள்ளை பிழைக்கும் என்று நம்பினார்கள் என்பதையே கிருஷ்ணன் சுட்டினார். நெருக்கடி நிலையின்போது வட மாநிலங்களில் முகாம்களுக்கு ஆள் பிடித்த கொடுமையை நினைத்தால், 1976-இல் அவர் எழுதிய அந்தக் கட்டுரைக்கு டெல்லி காது கொடுக்காமல் போனதன் விலை புரிகிறது.

சாவு குறைந்ததற்குப் பணிக்கர் இன்னும் பின்னோக்கிப் போனார். திருவிதாங்கூரில் அம்மைக் குத்தல் வந்தது 1813-இல், ராணி கௌரி லட்சுமி பாய் காலத்தில். பள்ளிகளுக்கு அரசு பணம் தர வேண்டும் என்ற ஆணை ராணி கௌரி பார்வதி பாயுடையது, ஆண்டு 1817. பெரும் செலவில் எழுந்த மருத்துவமனைகளைவிட, நோய் வராமல் தடுக்கும் வேலைகளும் படித்த தாய்மார்களும் செய்தது அதிகம் என்பது அவர் முடிவு.

ஐ.நா. வெளியிட்ட அந்தப் புத்தகம் உலகத்தைச் சுற்றியது. வருமானம் உயரும்வரை காத்திருக்காமலேயே மக்களின் ஆயுளை நீட்ட முடியும் என்பதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று வெளிநாட்டு அறிஞர்கள் கொண்டாடினார்கள். அமர்த்தியா சென்னின் எழுத்துகளில் கேரளம் திரும்பத் திரும்ப வந்தது. ‘கேரள மாதிரி’ என்று பெயர் சூட்டியவர்கள் மற்றவர்களே. நூலின் தலைப்பிலேயே வறுமையும் வேலையின்மையும்தான் இருந்தன. படித்த இளைஞர்கள் வேலையில்லாமல் நின்றதையும் விவசாயக் கூலியாளுக்கு ஆண்டில் போதிய நாட்கள் வேலை கிடைக்காததையும் அது மறைக்கவில்லை. அதன்பின் பத்தாண்டுக்கு மேல் மாநிலத்தின் உற்பத்தி தேங்கிக் கிடந்தது. பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டது நூலின் குற்றம் அன்று.

அந்தப் பெருமையை உரசிப் பார்த்தவர்களும் அதே வளாகத்தில் இருந்தார்கள் என்பதுதான் இந்த நிறுவனத்தை உயர்த்திப் பிடிக்கும் செய்தி. லீலா குலாத்தி எண்களை விட்டுவிட்டு ஐந்து பெண்களின் வாழ்க்கைக்குள் நுழைந்தார். வயல் கூலி, செங்கல் சூளை, கட்டட வேலை, கயிறு திரிப்பு, மீன் விற்பனை என ஆளுக்கொரு பிழைப்பு. 1981-இல் வந்த அந்த நூலில், மாநிலத்தின் சராசரிகள் எவ்வளவு உயர்ந்தாலும் விடியலில் எழுந்து இருட்டில் வீடு திரும்பும் பெண்ணின் உழைப்பு எப்படி எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போகிறது என்பது தெரிந்தது.

ஜான் குரியன் கடற்கரைக்குப் போனார். 1953-இல் நார்வே உதவியோடு கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் தொடங்கிய மீன்வளத் திட்டம், சிறு மீனவரை முன்னேற்ற வந்தது. இறால் ஏற்றுமதியில் பணம் கொட்டவும் இழுவைப் படகுகள் பெருகின. கட்டுமரக்காரர்களும் வள்ளக்காரர்களும் தங்கள் கடலிலேயே அந்நியரானார்கள். போராட்டங்கள் மூண்டன. மழைக்காலத்தில் இழுவைப் படகுகளைத் தடை செய்யும் முடிவுக்கு 1988-இல் கேரள அரசு வந்தபோது, வீதியில் நின்ற மீனவர்களின் குரலும் ஆய்வாளர்களின் பக்கங்களும் சேர்ந்தே அதற்கு வழி செய்திருந்தன. கேரளத்தின் புகழ்பெற்ற சராசரிகளுக்கு வெளியே மீனவச் சமூகம் தள்ளப்பட்டுக் கிடக்கிறது என்று 1995-இல் அவர் எழுதினார். நெருக்கியடித்த குடிசைகள், குறைந்த படிப்பு, அதிகக் குழந்தைச் சாவு எல்லாம் அங்கே இருந்தன. உயர்ந்த சராசரியை உலகுக்குச் சொன்ன இடத்திலிருந்தே அதற்குள் அடங்காதவர்களின் கணக்கும் வந்தது. பழங்குடியினரைப் பற்றி இதே அழுத்தத்தோடு அப்போதே எழுதியிருக்கலாம் என்ற குறை மட்டும் இந்தத் தொடரை எழுதுபவருக்கு உண்டு.

1990-களில் கேரளத்தின் பொருளாதாரத்தை வளைகுடாப் பணம் தாங்கிக்கொண்டிருந்தது. வெளியே போனவர்கள் எத்தனை பேர் என்று அப்போது அரசிடம் நம்பத்தக்க எண்ணே இருக்கவில்லை. உலக வங்கியில் பணியாற்றித் திரும்பிய மக்கள்தொகை அறிஞர் கே.சி. சக்கரியாவும் எஸ். இருதயராஜனும் சக ஆய்வாளர்களும் 1998-இல் மாவட்டம் மாவட்டமாகப் பல்லாயிரம் வீடுகளின் கதவைத் தட்டினார்கள். வெளிநாட்டில் இருந்த மலையாளிகள் 13 லட்சத்துக்கு மேல் என்று தெரிந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தக் கணக்கெடுப்பு தொடர்ந்து நடந்தது. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், அனுப்பிய பணம் கடனுக்குப் போனதா, வீட்டுக்குப் போனதா என்றெல்லாம் வரிசையாக ஒப்பிட முடிந்தது. 2015-இல் இதே முறையில் தமிழ்நாட்டிலும் புலம்பெயர்வோர் கணக்கெடுப்பு நடந்தது. நம் ஊர்களிலிருந்து கடல் கடந்தவர்களைப் பற்றிய தெளிவான படம் அதன்பிறகே கிடைத்தது.

1975 முதல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்து மையம் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. கயிறுத் தொழிலாளர் இயக்கத்தை ஆராய்ந்து அங்கே பட்டம் பெற்ற தாமஸ் ஐசக், உள்ளாட்சிகளே திட்டமிடும்படி 1996-இல் வந்த மக்கள் திட்டத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரானார். பின்னர் மாநில நிதியமைச்சராகவும் இருந்தார். ஐ.எஸ். குலாத்தி மாநிலத் திட்டக் குழுவின் துணைத்தலைவராகப் பணியாற்றினார். ஆய்வறைக்கும் அமைச்சரவைக்கும் இடையே இவ்வளவு போக்குவரத்து இருந்தால் ஆய்வின் கூர்மை மழுங்கும் என்று அஞ்சுவது நியாயம். அரசைக் குறைசொல்லும் ஆய்வுகளும் அங்கிருந்து வந்தபடியே இருந்தன என்பதே அந்த அச்சத்துக்கு இதுவரை கிடைத்துள்ள பதில்.

ராஜ் 2010 பிப்ரவரியில் திருவனந்தபுரத்திலேயே காலமானார். மையத்தின் நூலகம் இப்போது அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஏ. வைத்தியநாதன் இதற்கு வெகு முன்பே திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு இடம் மாறி, பாசனத்தைப் பற்றியும் ஏரிகளைப் பற்றியும் எழுதத் தொடங்கிவிட்டார். அவர் சேர்ந்த இடம் அடையாறு காந்தி நகரில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். 1971-இல் அதைத் தொடங்கிய மால்கம் ஆதிசேஷய்யா யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர். அதற்கும் முன்னால், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ராஜுக்குப் பொருளாதாரம் கற்பித்த ஆசிரியர். அடுத்த இதழில் காந்தி நகருக்குப் போவோம்.

(தொடரும்)